4.5 வாங்கியும் பின்னால் நிற்பது ஏன்? கேம் ஜாம் ரேங்க் கணக்கு

கேம் ஜாம் (சில நாட்களுக்குள் ஒரு கேம் செய்து முடிக்கும் போட்டி) முடிவு வெளியானதும், கேம்களை ஏற்றும் தளமான இட்ச்.ஐஓவில் உங்கள் கேமுக்குக் கீழே ஒரு சின்ன அட்டவணை தோன்றும். அளவுகோல், ரேங்க், மதிப்பெண், அதற்குப் பக்கத்தில் மூல மதிப்பெண், அதாவது ஆடியவர்கள் போட்ட நட்சத்திரங்களின் சராசரி. எல்லாரும் ரேங்கைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது கடைசி இரண்டு எண்களை. இரண்டும் ஒன்றாக இருந்தால் கேமைப் போதுமான பேர் ஆடியிருக்கிறார்கள். மதிப்பெண் மூல மதிப்பெண்ணுக்குக் கீழே இறங்கியிருந்தால், ஆடியவர்களுக்குப் பிடித்தது, ஆனால் ஆடத்தான் ஆள் வரவில்லை.

நான் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். பகலில் கணக்கு எழுதும் டேலி, ராத்திரியில் கேம் செய்யும் கோடோ. நிரல் எழுதுவது நான், படம் வரைவது சித்தி பையன். போன ஜாமில் முடிவு வந்த அன்று அவன்தான் போன் செய்தான். "என்னக்கா இது, நாலரை எடுத்திருக்கோம், மூணே முக்கால் எடுத்தவன் நமக்கு முன்னாடி நிக்கறான்?" சைட்டில் ஏதோ பிழை என்றே முடிவு கட்டியிருந்தான். பிழை இல்லை. அங்கே ஓடுவது ஒரு சூத்திரம், அது எல்லாருக்கும் தெரியும்படி எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. அதை அவனுக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்கிறேன்.

ஜாம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: ஒரு தலைப்பு கொடுப்பார்கள், இரண்டு நாளிலோ நான்கு நாளிலோ ஒரு முழு கேமைச் செய்து ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு சில நாட்கள் கலந்துகொண்டவர்களே ஒருவர் கேமை ஒருவர் ஆடி ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடுவார்கள், அதுதான் ஓட்டு. பழையதும் பேர்பெற்றதும் லூடம் டேர், 2002இல் ஜெஃப் ஹவ்லண்ட் தொடங்கியது. இப்போது பெரும்பாலான ஜாம்கள் நடப்பது இட்ச்.ஐஓவில். கேம் வடிவமைப்பு பற்றி யூடியூபில் வீடியோ போடும் மார்க் பிரவுன் 2017 முதல் நடத்தும் ஜிஎம்டிகே ஜாமும் அங்கேதான், இப்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான கேம்கள் வருகின்றன. பல ஜாம்களில் பரிசுப் பணம் கிடையாது. பரிசே இல்லாத போட்டியில் ரேங்குக்காக ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று என் அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான், ஆனால் ஜிஎம்டிகே ஜாமில் ரேங்குக்கு ஒரு வேலை உண்டு: ஓட்டில் முன்னால் வந்த கேம்களை எடுத்து ஆடிப் பார்த்துத்தான் மார்க் பிரவுன் தன் வீடியோவுக்குத் தேர்ந்தெடுக்கிறார். ஆக, அங்கே ரேங்க் ஒரு நுழைவுச் சீட்டு.

இட்ச் சூத்திரம்

முதலில் "இடைநிலை" என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜாமில் உள்ள எல்லா கேம்களையும், வாங்கிய ஓட்டு எண்ணிக்கைப்படி வரிசையாக நிறுத்தினால், நட்டநடுவில் நிற்கும் கேம் எத்தனை ஓட்டு வாங்கியிருக்கிறதோ அதுதான் இடைநிலை. சராசரி இல்லை. ஒரு கேம் ஐந்நூறு ஓட்டு வாங்கினால் சராசரி எகிறும், இடைநிலை அசையாது.

உங்கள் கேம் இடைநிலைக்குச் சமமாகவோ மேலாகவோ ஓட்டு வாங்கியிருந்தால் மூல மதிப்பெண் அப்படியே நிற்கும். குறைந்தால் இப்படி வெட்டுவார்கள்:

திருத்திய மதிப்பெண் = மூல மதிப்பெண் × √(வாங்கிய ஓட்டு ÷ இடைநிலை)

இடைநிலை 16 உள்ள ஒரு ஜாமை வைத்துப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கேமின் மூல மதிப்பெண் 4.5. ஆனால் நான்கு பேர்தான் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். நான்கைப் பதினாறால் வகுத்தால் கால், அதன் வர்க்கமூலம் அரை. 4.5 பாதியாகி 2.25 ஆகிவிடும். ஒன்பது பேர் போட்டிருந்தால் பெருக்கும் எண் முக்கால், மதிப்பெண் 3.38. பன்னிரண்டு பேர் என்றால் 3.90. பதினாறாவது ஓட்டு விழும்போதுதான் முழு 4.5 உங்கள் கைக்கு வரும்.

பக்கத்தில் இன்னொரு கேம் இருக்கிறது. சுமார் ரகம், மூல மதிப்பெண் 3.6, ஆனால் இருபது ஓட்டு. அதற்கு வெட்டே கிடையாது, 3.6 நிற்கிறது. நீங்கள் பத்து ஓட்டில் நின்றால் உங்கள் மதிப்பெண் 3.56, அந்த சுமார் கேமுக்குப் பின்னால். பதினொன்றாவது ஓட்டு விழுந்தால் 3.73, முன்னால் போய்விடுவீர்கள். ஒரே ஒரு ஓட்டு. பெரிய ஜாமில் இந்த ஒரு ஓட்டுக்குள் நூறு கேம்கள் அடைந்து கிடக்கும்.

வர்க்கமூலம் எதற்கு, நேராக வகுத்தாலே போதாதா என்று தம்பி கேட்டான். நேராக வகுத்தால் நான்கு ஓட்டு வாங்கிய கேம் 4.5இலிருந்து 1.13க்கு விழும். ஆள் வராதது பாதி அதிர்ஷ்டம், அதற்கு அவ்வளவு பெரிய தண்டனை வேண்டாம். வெட்டே இல்லாமல் விட்டால் வேறொரு கூத்து நடக்கும்: மூன்று நண்பர்களிடம் மட்டும் லிங்கைக் கொடுத்து, மூன்று ஐந்து நட்சத்திரம் வாங்கி, முதலிடத்தில் உட்கார்ந்துவிடலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் இது. என் பார்வையில் நல்ல சமரசம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இடைநிலை நகரும் எண். ஓட்டுக் காலத்தின் நடுவில் அது 11 என்று கணக்குப் போட்டு 12 ஓட்டு வாங்கி நிம்மதியாகத் தூங்கிவிட்டால், கடைசி இரண்டு நாளில் எல்லாரும் அடித்துப்பிடித்து ஓட்டுப் போட்டு இடைநிலை 15க்குப் போயிருக்கும். இடைநிலையைத் தொட்டால் போதும் என்று குறி வைக்காதீர்கள். அதைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறி வையுங்கள். மேலே போவதால் சூத்திரத்தில் கூடுதல் லாபம் ஒரு பைசா கிடையாது, ஆனால் வேறொரு லாபம் உண்டு. பத்து ஓட்டில் 4.2 வைத்திருக்கும் கேமுக்கு யாரோ ஒருவர் கேம் ஓடவில்லை என்ற கடுப்பில் ஒரு நட்சத்திரம் போட்டால் 3.91க்கு இறங்கிவிடும். நாற்பது ஓட்டில் அதே 4.2 இருந்தால் அதே ஆள் வந்தாலும் 4.12தான்.

லூடம் டேரில் சரிவு இல்லை, வாசல்

லூடம் டேர் கணக்கே வேறு. அங்கே சுமார் இருபது ரேட்டிங் வாங்கினால்தான் ரேங்க். வாங்காவிட்டால் மதிப்பெண் வெட்டுப்படாது, ரேங்கே வராது. இருபதைத் தாண்டிவிட்டால் இருபத்தொன்றுக்கும் இருநூறுக்கும் ஒரே மரியாதை, சராசரிதான் பேசும். முடிவில் ஒவ்வொரு பிரிவுக்கும் எத்தனையாவது இடம், சராசரி எவ்வளவு, எத்தனை ரேட்டிங்கிலிருந்து என்று மூன்றையும் போட்டுவிடுவார்கள். ஓட்டுக் காலம் ஏறக்குறைய மூன்று வாரம், எனவே இருபது என்பது எட்டாத எண் இல்லை. ஆனால் ஏப்ரல் 2020இல் ஊரடங்கின்போது ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான கேம்கள் வந்து குவிந்தன. அப்படிப்பட்ட கூட்டத்தில் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் கேமுக்கு இருபது பேர் தானாக வந்து சேர மாட்டார்கள்.

காம்போ, ஜாம் என்று அங்கே இரண்டு தனி வரிசைகள். காம்போவில் தனி ஆள், 48 மணி நேரம், படமும் இசையும் நிரலும் எல்லாம் அந்த நேரத்துக்குள் தானே செய்ய வேண்டும், மூல நிரலையும் கொடுக்க வேண்டும். ஜாமில் குழு சேரலாம், 72 மணி நேரம். ஒன்றின் ரேங்கை இன்னொன்றோடு ஒப்பிடுவது வீண் வேலை.

பிரிவுகள் எட்டு: ஒட்டுமொத்தம், விளையாட்டு இன்பம், புதுமை, தலைப்பு, படம், ஒலி, நகைச்சுவை, மனநிலை. இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு வித்தியாசம் இருக்கிறது. லூடம் டேரில் "ஒட்டுமொத்தம்" என்பது ஆடியவர் தன் மனதுக்குப் பட்டதைத் தனியாகப் போடும் ஒரு நட்சத்திரம். ஒலி 2.5 வாங்கினாலும் ஒட்டுமொத்தம் 4.3 வரலாம், இரண்டுக்கும் கணக்கில் தொடர்பு இல்லை. இட்ச் ஜாமில் பல அளவுகோல் இருந்தால் ஒட்டுமொத்தம் என்பது அவற்றின் சராசரி. அமைப்பாளர் மூன்று அளவுகோல் வைத்திருக்கிறார், உங்களுக்கு இன்பத்தில் 4.4, புதுமையில் 4.2, தோற்றத்தில் 2.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுமொத்தம் 3.8. கேமை உயிருக்கு உயிராக ரசித்தவர்கூட உங்களை அதிலிருந்து காப்பாற்ற முடியாது, ஏனென்றால் "எல்லாம் சேர்த்து எனக்குப் பிடித்தது" என்று சொல்ல அங்கே கட்டமே இல்லை.

அதனால் ஜாம் தொடங்கும் முன்பே விதிப் பக்கத்தில் அளவுகோல்களைப் படியுங்கள். இட்ச் ஜாமில் ஒலிக்குத் தனி அளவுகோல் இருந்தால், கடைசி நாளில் மூன்று மணி நேரமாவது ஒலிக்கு ஒதுக்குங்கள். மௌனமான கேமுக்கு ஒன்று விழும், சுமாரான ஒலிக்கே மூன்று விழும். அந்த இரண்டு புள்ளியைப் புதுமையில் சம்பாதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். லூடம் டேரில் இந்தத் தலைவலிக்கு வேறு மருந்து உண்டு: நீங்கள் செய்யாத இசையையோ படத்தையோ எடுத்துப் போட்டிருந்தால் அந்தப் பிரிவிலிருந்து விலகிக்கொள்ளலாம். விலகுவதுதான் முறையும்.

ஓட்டு எப்படி வரும்

ஓட்டுப் போட்டால் வரும். இதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு தளங்களுமே இதை நிரலிலேயே எழுதி வைத்திருக்கின்றன. இட்ச்சில் நீங்கள் எத்தனை கேமுக்கு ஓட்டுப் போட்டீர்கள், உங்களுக்கு எத்தனை விழுந்தது என்ற இரண்டையும் வைத்து ஒரு எண் கணக்கிடப்படும். அதற்குக் கர்மா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நிறையக் கொடுத்துக் குறைவாக வாங்கியவரின் கேம் கர்மா வரிசையில் மேலே ஏறும். லூடம் டேரிலும் அதே மாதிரிதான்: நிறையப் பேருக்கு ரேட்டிங்கும் கருத்தும் கொடுத்தவரின் கேம் முன்னால் காட்டப்படும். இருபதைத் தொடாமல் தவிக்கும் கேம்களைக் காட்ட "ஆபத்து" என்று ஒரு தனி வரிசையே உண்டு. மற்றவர்களுக்கு உதவ வேண்டும் என்று தோன்றும்போது நான் போவது அந்த வரிசைக்குத்தான். அங்கே போடும் ஒரு ரேட்டிங் யாரோ ஒருவருக்கு ரேங்கையே கொண்டுவரும்.

தளம் காட்டுவதோடு முடியவில்லை. நீங்கள் ஒருவரின் கேமை ஆடி, உண்மையாகவே ஆடியதன் அடையாளமாக இரண்டு வரி எழுதினால், பலர் உங்கள் பெயரைச் சொடுக்கி உங்கள் கேமைத் தேடி வருவார்கள். "சூப்பர் கேம், என்னுடையதையும் பாருங்கள்" என்று எழுதுபவரிடம் யாரும் போவதில்லை. "மூன்றாவது அறையில் சாவி கதவுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது, ஆனால் தவளை குதிக்கும் சத்தத்துக்காகவே இரண்டாவது தடவை ஆடினேன்" என்று எழுதுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் கவலை வேண்டாம், அங்கே பாதிப் பேருக்கு அது தாய்மொழி இல்லை.

எப்போது போடுவது என்பதும் முக்கியம். ஓட்டு தொடங்கிய முதல் இரண்டு நாளில் எல்லாரும் உற்சாகமாக இருப்பார்கள். நடுவில் தொய்வு, கடைசியில் மீண்டும் அவசரம். முதல் வார இறுதியில் ஒரே மூச்சாகப் பதினைந்து கேம் ஆடிவிடுங்கள், பிறகு தினமும் இரண்டு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் லூடம் டேர் வரும்போது எங்கள் ஆபீசில் ஆடிட் ரிட்டர்ன் நெருக்கடி, 31ஆம் தேதிதான் கடைசி நாள். அப்போதும் சாப்பாட்டு வேளையில் ஒரு கேம் ஆட முடிகிறது, பெரும்பாலான ஜாம் கேம்கள் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுபவை.

உங்கள் கேம் பிரவுசரிலேயே ஓடுகிறதா என்பதுதான் ஓட்டு எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் பெரிய விஷயம். முன்பின் தெரியாதவரின், விண்டோஸில் ஓடும் எக்ஸ்இ கோப்பை இறக்கித் திறக்க யார்தான் துணிவார்கள்? மேக் வைத்திருப்பவர், லினக்ஸ் வைத்திருப்பவர், வாடகைக் கணினியில் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவார்கள். எனவே வெப் ஏற்றுமதியைக் கடைசி மணி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். முதல் நாள் இரவே ஒரு வெற்றுத் திரையை ஏற்றி, அது ஓடுகிறதா என்று பாருங்கள். கோப்பு சின்னதாக இருக்கட்டும். நம் ஊரில் மொபைல் டேட்டாவை லேப்டாப்புக்குக் கொடுத்து ஆடுகிறவருக்கு 200 எம்பி கேம் எவ்வளவு எரிச்சல் தரும் என்று நமக்குத் தெரியாதா?

முகப்புப் படம் அடுத்தது. பட்டியலில் தபால்தலை அளவில்தான் தெரியும். அதில் கேமின் பெயரைப் படிக்க முடிய வேண்டும், ஒரே ஒரு உருவம் இருந்தால் போதும். இதைத் தம்பியிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், அவன் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு காடு வரைகிறான்.

நீங்கள் நட்சத்திரம் போடும்போது

எல்லாருக்கும் ஐந்து போடும் நல்ல மனசுக்காரர்கள் ஜாமுக்கு உதவி செய்வதில்லை. எல்லா கேமுக்கும் ஒரே எண்ணைப் போட்டால் வரிசையை அமைக்க அந்த ஓட்டால் ஒரு பயனும் இல்லை. நான் மூன்றை நடுவாக வைத்துக்கொள்கிறேன்: வேலை செய்கிறது, குறை ஒன்றும் இல்லை, நாளை ஞாபகம் இருக்காது என்றால் மூன்று. நாளையும் ஞாபகம் வரும் என்றால் நான்கு. வேறு யாரையாவது கூப்பிட்டுக் காட்டத் தோன்றினால் ஐந்து. முதல் ஐந்து கேமுக்கு உடனே போடாமல், ஆடிவிட்டுக் குறித்து வைத்துப் பிறகு போடுவது நல்லது. இந்த ஜாமின் தரம் எப்படி என்று தெரியாமல் போடும் முதல் நட்சத்திரங்கள் எப்போதும் கோணலாகத்தான் இருக்கும்.

கேம் உங்கள் கணினியில் திறக்கவே இல்லை என்றால் ஓட்டுப் போடாமல் கருத்து மட்டும் எழுதுங்கள். ஆடாத கேமுக்கு ஒரு நட்சத்திரம் போடுவது கொடுமை. தலைப்புப் பிரிவுக்குப் போடும்போது கேம் எவ்வளவு அழகு என்பதை மறந்துவிடுங்கள், தலைப்பை எடுத்துவிட்டால் கேம் நிற்குமா என்று மட்டும் கேளுங்கள். நின்றால் தலைப்பு ஒட்டவைக்கப்பட்டது, இரண்டு போதும்.

போலிக் கணக்கு, "நீ ஐந்து போடு, நானும் போடுகிறேன்" என்ற பேரம் எல்லாம் வேண்டாம். லூடம் டேரில் கேம் ஏற்றியவர்தான் ஓட்டுப் போட முடியும், இட்ச்சிலும் பல அமைப்பாளர்கள் அப்படியே வைக்கிறார்கள். பிடிபட்டால் அமைப்பாளர் உங்கள் கேமைத் தகுதி நீக்கம் செய்யலாம். ஒருவர் கேமை ஒருவர் ஆடிக்கொள்வது வேறு, நட்சத்திரத்தைப் பேசி வைத்துக்கொள்வது வேறு. முதலாவதைத் தளமே ஊக்குவிக்கிறது.

ஓட்டுக் காலத்தில் கேமைத் திருத்தலாமா? லூடம் டேரில் ஓடாமல் நிற்கும் பிழையைச் சரிசெய்யலாம், வேறு வகைக் கணினிகளிலும் ஓடும்படி மாற்றலாம், புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. இட்ச்சில் சில அமைப்பாளர்கள் கோப்பையே பூட்டிவிடுவார்கள். கடைசி நிமிடத்தில் ஏற்றிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதலில் அந்த விதியைப் பார்த்துவிடுங்கள்.

இந்த ஓட்டு வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு 2009 முதல் நடக்கும் குளோபல் கேம் ஜாம் இருக்கிறது. அங்கே ரேங்க் என்ற பேச்சே இல்லை. முதல் ஜாமுக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

முடிவு வந்த பிறகு

ரேங்கை மொத்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 1,200 கேமில் 150ஆவது என்றால் மேல் 12.5 சதவீதத்தில் இருக்கிறீர்கள். 60 கேமில் 40ஆவது என்றால் மூன்றில் இரண்டு பங்கு கேம்கள் உங்களுக்கு முன்னால் அல்லது உங்களோடு. இரண்டாவது எண் சின்னதாகத் தெரிந்தாலும் முதல் எண்தான் பெரிய வெற்றி.

பிறகு ஒரு எக்செல் ஷீட் திறந்து, ஜாமின் பெயர், ஒவ்வொரு அளவுகோலிலும் மூல மதிப்பெண், வாங்கிய ஓட்டு, போட்ட ஓட்டு என்று ஒரு வரி எழுதுங்கள். ரேங்கை எழுத வேண்டாம், அது மற்றவர்களைப் பொறுத்து மாறும். அந்த வரியின் கடைசிக் கட்டத்தில், வாங்கிய ஓட்டை இடைநிலையால் வகுத்து வையுங்கள். இடைநிலையை இட்ச் நேராகக் காட்டாவிட்டாலும், வெட்டுப்பட்ட கேமின் மதிப்பெண்ணை மூல மதிப்பெண்ணால் வகுத்து, வந்ததை வர்க்கம் செய்து, ஓட்டு எண்ணிக்கையை அதனால் வகுத்தால் கிடைத்துவிடும். எங்கள் கேமுக்கு அப்படித்தான் கண்டுபிடித்தோம். அந்தக் கட்டத்தில் ஒன்றுக்குக் குறைவான எண் வந்து மூல மதிப்பெண்ணும் நன்றாக இருந்தால், அடுத்த முறை கேமில் கைவைக்காதீர்கள், ஓட்டு வாரத்துக்கு ஆபீசில் ஒரு நாள் லீவு சொல்லுங்கள். ஒன்றுக்கு மேல் வந்தும் மூல மதிப்பெண் மூன்றில் நின்றால் உட்கார்ந்து கருத்துகளை முதலிலிருந்து படியுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் சிக்கியிருப்பார்கள். பெரும்பாலும் அது முதல் ஒரு நிமிடத்துக்குள் வரும் இடமாகத்தான் இருக்கும்.